முத்தாரம்மாள் நட்ட கல்

அந்த அம்மன் ஒரு அம்மிக்குழவி. இதை வேறு யாராவது சொன்னால் பரவாயில்லை, நான் சொன்னால் வம்பு. என் பேர் மைதீன். மலையாளத் தலைநகரத்து ஆரியசாலையில் வாப்பா காலத்திலிருந்து சாக்கும் கயிறும் மொத்தமாக விற்கிற கடை எங்களுடையது. கடைக்கு நேர் எதிரே ஸ்ரீதாணு டாக்கீஸ் இருந்தது. இப்போது அங்கே ஒரு தகர வேலியும், வேலிக்குள் ஒரு பள்ளமும், வாசலோரம் சலவைக்கல் பதித்த ஒரு சின்னக் கோயிலும் இருக்கின்றன. கோயிலுக்குள் இருப்பதுதான் நான் சொன்ன குழவி. அதை நட்டவள் முத்தாரம்மாள். நட்ட குழியைத் தோண்டிய கடப்பாரை என் கடையுடையது.

முத்தாரம்மாள் கொட்டகையில் பெண்கள் வரிசைக்கு டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தாள். ராஜாக்கமங்கலத்துப் பக்கத்துக்காரி. கல்யாணம் ஆகி வந்தவள் இந்த ஊரிலேயே நரைத்தாள், ஆனாலும் வாயில் மலையாளம் ஒட்டவில்லை. கோபம் வந்தால் மட்டும் இரண்டு வார்த்தை மலையாளத்தில் வரும், அதுவும் கெட்ட வார்த்தையாக இருக்கும். வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கிற ஆம்பிளைகளை அவள் விரட்டுகிற சத்தம் என் கல்லாப்பெட்டி வரைக்கும் கேட்கும். அவளை நம்பித்தான் இந்தத் தெருப் பெண்கள் தைரியமாகச் சினிமாவுக்கு வந்தார்கள் என்று நான் சொல்வேன்.

அந்தப் பெண்கள் வரிசைக்குப் பக்கத்துச் சுவர்தான் பிரச்சினை. பக்கத்தில் சாலை என்று பேருள்ள மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவன், பஸ்ஸுக்குப் போகிறவன், எவனாக இருந்தாலும் அந்தச் சுவரைக் கண்டதும் வேட்டியைத் தூக்கிவிடுவான். மானேஜர் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் போட்டுப் பார்த்தார். எழுத்தின் மேலேயே அடித்தார்கள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு நாள் கேன்டீனில் அம்மிக்குழவி இரண்டாக உடைந்தது. முத்தாரம்மாள் அதில் ஒரு பாதியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"பாய், அந்தக் கடப்பாரையக் கொஞ்சம் தாரும்."

"என்னத்துக்கு?"

"பேசாம இரும். பொறவு பாரும்."

சுவரடியில் குழி தோண்டி, உடைந்த பக்கத்தை உள்ளே விட்டுக் குழவியை நட்டாள். மஞ்சளைக் குழைத்துப் பூசினாள், குங்குமம் வைத்தாள், ஒரு செம்பருத்தியைச் செருகினாள். "சாமி பாக்குன்னு தெரிஞ்சா மூத்திரத்த அடக்கிக்கிடுவானுவ" என்று கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்தாள். சொன்னபடியே நடந்தது. அன்று சாயங்காலமே ஒருவன் சுவர்ப் பக்கம் போய், பார்த்து, தூக்கிய வேட்டியை இறக்கிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். நானும் அவளும் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமலே வந்துவிட்டது. சும்மா விட்டால் சந்தேகம் வரும் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விளக்கும் வைத்தாள். பிறகு யார் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சிவப்புத் துண்டு கட்டினார்கள். வருஷங்கள் போயின. கல்லுக்கு வயதானது, பிறந்த கதை மறந்து போனது.

அவளுடைய புருஷன் அழகியநம்பி சாலை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து மிளகாய் மூட்டையோடு விழுந்து தலையில் அடிபட்டதில் உடம்பு தேறியது, நினைவு தேறவில்லை. நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தது. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறப்பார். வாசலில் இறங்கினால் வீட்டுக்குத் திரும்பத் தெரியாது. வீடு என்பது என் கடைக்குப் பின்னால் வரிசையாக இருக்கிற ஒற்றை அறைகளில் ஒன்று. அவளோ வேலைக்குப் போகாமல் முடியாது. ஒரே மகள் ரேஷ்மி விதுராவில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அப்பாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனாள். அந்த மனுஷர் அங்கிருந்து இறங்கி, பொன்முடி ரோட்டில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "தாணு டாக்கீசுக்கு எப்படிப் போணும்?" என்று கேட்டிருக்கிறார். ரேஷ்மி அழுதுகொண்டே திருப்பிக் கொண்டுவந்து விட்டாள்.

அவர் டாக்கீசைத் தேடியதில் நியாயம் இருந்தது. முத்தாரம்மாள் மானேஜரிடம் கெஞ்சி, வேலைக்கு வரும்போது புருஷனையும் கூட்டி வந்து கடைசி வரிசை ஓரத்தில் உட்காரவைக்கிற வழக்கத்தை உண்டாக்கியிருந்தாள். இருட்டில், திரையைப் பார்த்தபடி, அவர் அடங்கி இருப்பார். வேறு எங்கேயும் அவர் அடங்கி இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே படம் வாரம் முழுக்க ஓடினாலும் அவருக்கு ஒவ்வொரு நாளும் புதுப்படம். இன்டர்வெல்லில் அவள் டீ வாங்கிக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, மறுபடி உட்காரவைப்பாள். முன்வாசலில் தொங்குகிற பெரிய வெண்கல மணியை ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் மூன்று தரம் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அவர் எங்கிருந்தாலும் எழுந்து கதவைப் பார்த்து நடப்பார். தன் பேரை மறந்தார், மகளை மறந்தார், மணியை மறக்கவில்லை.

ஆகவே கொட்டகை விற்பனைக்கு என்று செய்தி வந்தபோது, மற்றவர்களுக்கு அது பழைய கட்டடம், முத்தாரம்மாளுக்கு அது புருஷனை வைக்கிற இடம். முதலாளி குடும்பத்தில் மிஞ்சியது பேரன் ஸ்ரீநிவாஸ் ஒருவன். பெங்களூரில் வேலை. கொட்டகை நஷ்டத்தில் ஓடியது என்பதும் உண்மை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கரமனை அக்ரகாரத்திலிருந்து ஹரிநாராயணன் வந்தார். பாங்கில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். 'ஸ்ரீதாணு டாக்கீஸ் சம்ரக்ஷண சமிதி' என்று கொட்டகையைக் காப்பாற்ற ஒரு குழுவைத் தொடங்கினார். கையெழுத்து வாங்கினார்கள், கைகோத்துத் தெருவில் நின்றார்கள், டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். தலைநகரத்தில் தமிழ்ப்படம் முதன்முதலில் பார்த்த இடம் இதுதான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் கொட்டகைக்குள் கால் வைத்தே பல வருஷம் இருக்கும்.

"இது ஹெரிட்டேஜாக்கும், மைதீன். கவர்மென்ட்ல மனு கொடுத்திருக்கோம். பைல் மூவ் ஆயிண்டிருக்கு" என்றார் ஹரிநாராயணன்.

பைல் எங்கே நகர்ந்ததோ, எங்கள் பக்கம் வரவில்லை. அதற்குள் வாங்குகிறவர் வந்து அளந்துவிட்டுப் போனார். பெரிய கட்டடக் கம்பெனி நடத்துகிறவர், நெற்றியில் சந்தனம் காயாத மனுஷர். சமிதியில் எல்லாருக்கும் முகம் தொங்கிப் போனது. அப்போதுதான் தங்கபாண்டி அண்ணாச்சிக்கு அந்த யோசனை வந்தது. அவர் திருநெல்வேலிக்காரர், பருப்பு மொத்த வியாபாரம், சமிதியின் செலவுக்குக் கைகொடுக்கிறவர்.

"கொட்டகைய இடிக்கலாம் வே. அம்மன் இருக்க எடத்த எவன் இடிச்சிருவான்னு பாப்பம்" என்றார்.

அம்மன் எது என்று ஒரு நிமிஷம் எனக்கே விளங்கவில்லை. பிறகு சுவரடியைப் பார்த்தேன். கூட்டத்தில் பின்னால் நின்ற முத்தாரம்மாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

அடுத்த வாரமே குழவிக்கு மேல் ஓலைப்பந்தல் வந்தது. பேர் முத்தாரம்மன் என்று வைத்தார்கள். முத்தாரம்மாள் விளக்கு வைக்கிற சாமி என்பதால் அந்தப் பேர் தானாக ஒட்டிக்கொண்டது. நாஞ்சில் நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பழைய குடும்பம் ஒன்று கொண்டுவந்து வைத்த தெய்வம் என்று கதையும் கட்டியாயிற்று. கதை கட்டியவர்களே மறுநாள் அதை நம்பிக் கும்பிட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பந்தலுக்குக் கயிறு வாங்க என் கடைக்கு வந்தவளிடம் கேட்டேன். "என்ன முத்தாரம்மா இது?"

"என்ன செய்யச் சொல்லுதீரு? மனு கொடுத்தாவ, நடக்கல்ல. கையெழுத்துப் போட்டாவ, நடக்கல்ல. கல்லு காப்பாத்தினா காப்பாத்தட்டு."

"நாளைக்கு வேற விதமாத் திரும்பிட்டா?"

"இவர நான் எங்க கொண்டு வைப்பேன், பாய்? நீரே சொல்லும்."

எனக்கு வழி தெரிந்திருந்தால் அவள் கல்லை நம்பியிருக்க மாட்டாள்.

கோயில் என்று ஊரார் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் இங்கே பிரசன்னம் வைக்க வேண்டும். ஜோசியர் வந்து சோழி உருட்டி, தெய்வம் இருக்கிறதா, அதற்கு என்ன குறை, என்ன விருப்பம் என்று சொல்வார். சமிதி வெளியூரிலிருந்து பேர்பெற்ற ஒருவரைக் கூட்டி வந்தது. அவர் யாரிடமும் கை நீட்டாதவர் என்று சொன்னார்கள், அது உண்மையும்கூட. காசுக்குச் சொல்கிறவராக இருந்திருந்தால் நாம் விரும்பியதைச் சொல்லவைத்திருக்கலாம்.

டாக்கீஸ் முற்றத்தில் கோலம் போட்டு, விளக்கேற்றி, சோழி உருட்டினார். தெய்வ சான்னித்தியம் உண்டு என்றார். கூட்டம் கைதட்டப் போய்க் கையை இறக்கிக்கொண்டது. உக்கிரமான தேவி, பழைய தேவி என்றார். தங்கபாண்டி அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜோசியர் ஒரு குறையும் சொன்னார். தேவி வானம் பார்த்து இருக்க விரும்புகிறாள், இந்தப் பெரிய கட்டடத்தின் நிழல் அவள் தலையில் விழுகிறது, உள்ளேயிருந்து வருகிற பாட்டும் அடிதடிச் சத்தமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிற நேரம் எது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹரிநாராயணன் மட்டும் முகம் வெளுத்துப் போய், "அது ஒரு பரிகாரம் பண்ணினா சரியாயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வாங்குகிறவருக்குச் சேதி போயிற்று. அவர் சண்டைக்கு வருவார் என்று சமிதி கொடியும் கோஷமுமாகத் தயாராக இருந்தது. அவர் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்தார். பந்தலுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அந்த மனுஷர் நிஜமாகவே பயந்திருந்தார்.

"அம்மையை ஞான் தொடமாட்டேன். பிரசன்னத்தில என்ன சொன்னாங்களோ அது அப்படியே செய்வேன், கேட்டோ. தேவிக்கு நல்ல சலவைக்கல்லில ஒரு க்ஷேத்திரம். கட்டடம் முழுக்க எடுத்திட்டு அம்மைக்கு ஆகாசம் விடுவேன். புதிய கட்டடம் பின்னாடி தள்ளித்தான்."

ஒருவர், "அப்போ அம்மன் போகாதுல்லா?" என்று கேட்டார். "ஒருக்காலும் போகாது" என்றார் வாங்குகிறவர். கூட்டத்தில் பெருமூச்சு கேட்டது, நிம்மதிப் பெருமூச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது, தாணு டாக்கீஸ் முடிந்தது என்று.

முத்தாரம்மாளுக்கும் விளங்கியிருக்கும். பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, அது சாமி இல்ல" என்றாள். "கேன்டீன்ல ஒடைஞ்ச அம்மிக்கொழவி. ஆம்பிளையொ மோளாம இருக்க நான்தான் நட்டேன். தோண்டிப் பாருங்க, அடியில ஒடைஞ்ச பாகம் இருக்கும். அத எடுத்திட்டுப் போங்க. கொட்டகைய விட்டிருங்க."

"எம்மா, வாய அடக்கு. என்ன பேச்சு பேசுத?" என்றார் தங்கபாண்டி அண்ணாச்சி. குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம்.

"பொய் சொல்லலை அண்ணாச்சி. மைதீன் பாய்ட்ட கேளுங்க. அவருக்க கடப்பாரைதான்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஆனாலும் சொன்னேன். "ஆமா. உள்ளதுதான். நான் பாத்தேன்."

ஊரில் இத்தனை பேர் இருக்க, அவளுக்கு வாய்த்த ஒரே சாட்சி நான். என் கடையில் தவணை சொல்லிச் சாக்கு எடுக்கிறவர்கள், பெருநாளைக்கு என் வீட்டில் பிரியாணி சாப்பிட்டவர்கள், எல்லாரும் என்னைப் புது ஆளைப் போலப் பார்த்தார்கள். ஹரிநாராயணன் ஓடி வந்து என் தோளில் கை போட்டார். "மைதீன், ப்ளீஸ். இதுல நீங்க வராதீங்கோ. விஷயம் வேற எங்கயாவது போயிடும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்." அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்தது.

முத்தாரம்மாள் குனிந்து குழவியைப் பிடுங்கக் கை வைத்தாள். நாலு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காக அவள் பாதுகாப்பில் வரிசையில் நின்ற பெண்கள். "இவ மேல அம்மன் வந்திருக்கு, ஆடுதா" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், அவள் திமிறியதும் கத்தியதும் எல்லாம் அருள் ஆகிவிட்டது. ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். "கொட்டகைய விட்டிருங்க, கொட்டகைய விட்டிருங்க" என்று அவள் அழ அழ, நெற்றியில் திருநீறு பூசினார்கள். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. அழகியநம்பி கடைசி வரிசையில் இருந்தார்.

மழைக்கு முன்னால் இடித்தார்கள். நாற்காலிகள் வேனில் போயின. திரை இருந்த சுவர் கடைசியாக விழுந்தது. அன்று நான் கடையைத் திறக்கவில்லை. சமிதி கலைக்கப்படவில்லை, பேரை மட்டும் மாற்றிக்கொண்டது. முத்தாரம்மன் கோயில் சேவா சமிதி. கும்பாபிஷேகத்துக்குப் பெரிய பந்தல், பெரிய சாப்பாடு. போராடி அம்மனைக் காப்பாற்றினோம் என்று தங்கபாண்டி அண்ணாச்சி பேசினார், எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் வென்றதாகவே நினைக்கிறார்கள். இப்போதும் அப்படித்தான்.

கொட்டகையின் ஞாபகமாக ஏதாவது இருக்க வேண்டும் என்று ஹரிநாராயணன் கேட்டுக்கொண்டார். அதனால் முன்வாசல் மணியை எடுத்துக் கோயிலில் கட்டினார்கள். முத்தாரம்மாளுக்கும் ஒரு வழி செய்தார்கள். அம்மன் யார் மேல் இறங்கினாளோ அவளே இருக்கட்டும் என்று கோயிலைக் கூட்டி, விளக்குத் துடைத்து, தீபாராதனைக்கு மணி அடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். வேண்டாம் என்றால் அரிசிக்கு என்ன செய்வது? ஒரு வாரம் கழித்துப் போனாள்.

முதலில் புருஷனையும் கூடவே கூட்டிப் போனாள். அவர் நடைக்கு முன்னால் நின்று, கும்பிட வருகிறவர்களிடம் எல்லாம், "படம் எப்பம் போடுவா? கதவு எங்க?" என்று கேட்டார். உட்கார்த்தினால் எழுந்தார். வெயிலில், தகர வேலியைக் கையால் தடவிக்கொண்டே போய்க் கதவைத் தேடினார். கும்பிட வருகிறவர்களுக்குச் சல்லியமாக, தொந்தரவாக இருக்கிறது என்று சமிதியில் புகார் வந்தது. அன்றிலிருந்து அவரை அறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். நான் பார்த்துக்கொள்கிறேன், என் கடையில் விட்டுவிட்டுப் போ என்று சொன்னேன், அவள் விட்டும் பார்த்தாள். கண் அசந்த நேரத்தில் தெருவில் இறங்கி லாரிக்கு முன்னால் நின்றார். அதற்குப் பிறகு எனக்கும் அந்தப் பேச்சை எடுக்கத் தைரியம் இல்லை.

பகல் எப்படியோ போய்விடுகிறது. சாயங்காலம்தான் தாங்க முடிவதில்லை. தீபாராதனைக்கு முத்தாரம்மாள் மணி அடிப்பாள். அது கொட்டகை மணி. என் கடைக்கு முன்பக்கம் அந்தச் சத்தம் கேட்டதும், பின்பக்கம் பூட்டிய அறைக்குள் அழகியநம்பி எழுந்துவிடுவார். கதவைத் தட்டுவார். முதலில் மெதுவாக, பிறகு இரண்டு கையாலும்.

"முத்தாரம், மணி அடிச்சாச்சு. தொறடி. படம் போட்டிருவான்."

அவளுக்கும் இது தெரியும். தெரிந்ததால் ஒரு நாள் மணியின் நாக்கில் துணியைச் சுற்றி அடித்தாள். அம்மனுக்கு மணிச்சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று சமிதியார் கண்டித்து, துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். அவள் அவிழ்த்தாள். இப்போது அடிக்கும்போது எங்கள் கடைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு அடிக்கிறாள். நான் பின்பக்கம் போய்க் கதவுக்கு வெளியே நின்று, "கரண்டு போயிருக்கு அண்ணே, வந்ததும் போடுவாங்க" என்று சொல்வேன். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து காத்திருப்பார்.